மொழிப் பயணம் என்றால் பிள்ளையை ஒரு வீட்டில் தங்க வையுங்கள்

வரும் மே விடுமுறையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஜெர்மனிக்கு அழைத்துப் போகிறோம், இரண்டு வாரம், ஜெர்மன் கற்கும் பயணம் என்று சேலத்தில் ஒரு பள்ளி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தலைக்கு மூன்றரை லட்சம். நான் இந்த ஊரில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அந்தக் காகிதத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "மிஸ், அனுப்பலாங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அனுப்பலாம். வசதி இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் இந்தக் காகிதத்தில் இருக்கிறபடி அனுப்பாதீர்கள்.

காகிதத்தை முழுக்கப் படித்தேன். நாற்பது பிள்ளைகள், கூடவே ஆசிரியர்கள். ஃபிராங்க்ஃபர்ட், ஹைடல்பெர்க், மியூனிக், நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை, பெர்லின். போகிற ஊரிலெல்லாம் ஓட்டல், தனிப் பேருந்து, இரண்டு வேளை இந்தியச் சாப்பாடு, இங்கிலீஷ் பேசும் வழிகாட்டி. காலையில் ஓட்டலிலேயே இரண்டு மணி நேரம் வகுப்பு. கடைசி வரியில், திரும்பி வரும்போது பிள்ளை ஏ1 நிலையில் சரளமாகப் பேசும் என்று போட்டிருக்கிறார்கள். ஏ1 என்பது மொழிப் படிப்பில் முதல் படி, அதற்கு மேல் ஏ2, பி1, பி2 என்று போகும்.

இதில் எந்த இடத்தில் அந்தப் பிள்ளை ஜெர்மன் பேசியே ஆக வேண்டும்? பசித்தால் பருப்பு சாதம் மேசைக்கு வந்துவிடுகிறது. வழி தெரியாவிட்டால் பேருந்து ஓட்டலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது அஸ்தம்பட்டியில் அடுத்த தெருப் பிள்ளை. இரண்டும் விடிய விடியத் தமிழில் பேசும். பேசட்டும், அந்த வயதுக்கு அது சந்தோஷம். அதைச் சுற்றுலா என்று சொல்லிக் காசு வாங்கினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கணக்கும் இடிக்கிறது. ஏ1 நிலைக்கு 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்று ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோதே இன்ஸ்டிடியூட்டே சொல்கிறது. ஏ2 முடிக்க 200 முதல் 350, பி1 முடிக்க 350 முதல் 650. ஓட்டலில் நடக்கும் வகுப்புகளை இரண்டு வாரத்துக்கும் கூட்டிப் பாருங்கள், நாற்பதைத் தொடாது. என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் நர்ஸ் பெண்கள் பி2 எழுத வேண்டும், ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க அநேகமாக அந்த நிலை தேவை. நைட் டியூட்டி முடித்துத் தூங்காத கண்ணோடு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டைத் தினம் பார்க்கிற எனக்கு, இரண்டு வாரத்தில் சரளம் என்கிற வரியைச் சும்மா விட முடியவில்லை.

மொழி எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போகவே வேண்டாம். செவ்வாய்பேட்டைக்குப் போங்கள். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் வெள்ளிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, கொலுசு எடுக்க வந்த பாட்டியிடம் சேதாரத்துக்குப் பேரம் பேசுகிற தமிழைக் கேளுங்கள். எந்த வகுப்பில் படித்தார்கள்? அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். தறிக்காரர்கள் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் இன்னும் புழங்குகின்றன. கட்டட வேலைக்கு வந்த பீகார் பையன் ஆறு மாதத்தில் "அண்ணா, சிமெண்ட் பத்தலீங்க" என்கிறான். பேசாவிட்டால் காரியம் நடக்காது என்கிற நிலை வந்தால் மொழி தானாக வந்து உட்காரும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பள்ளி மூன்றரை லட்சம் கேட்கிறது.

ஏற்காட்டுக்கு இது புதிதே இல்லை. சேக்ரட் ஹார்ட் 1894-லும் மான்ட்ஃபோர்ட் 1917-லும் தொடங்கிய பள்ளிகள். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து அந்த மலையில் தங்கிப் படித்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் மலையாளம், எதிர்க் கட்டிலில் வங்காளம் என்று இருந்தால் சண்டை போடுவதற்குக்கூட இங்கிலீஷ்தான் வேண்டும். விடுதிப் பிள்ளைகளின் இங்கிலீஷ் தனியாகத் தெரிவதற்கு வாத்தியார் மட்டும் காரணம் இல்லை.

ஜெர்மன் அரசு 2008-ல் தொடங்கிய பாஷ் என்கிற பள்ளிக் கூட்டமைப்பிலும் இதைத்தான் செய்கிறார்கள். பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்து ஜெர்மனிக்கு அழைத்துக் கலந்து தங்க வைக்கிறார்கள். பிரேசில் பையனும் வியட்நாம் பெண்ணும் ஒரே குழுவில் இருந்தால் இருவருக்கும் பொதுவாக மிஞ்சுவது அரைகுறை ஜெர்மன்தான். அந்த அரைகுறையை வைத்தே பந்து விளையாடுவார்கள், சமைப்பார்கள், கோபித்துக்கொள்வார்கள்.

இப்போது என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொண்டலாம்பட்டி, அப்பா தறி வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில், பள்ளிகளுக்கிடையிலான பரிமாற்றத்தில் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். ஆளுக்கு ஒரு வீடு. இவள் போன வீட்டில் அம்மா, அப்பா, இவள் வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன், மாடியில் தாத்தா.

முதல் ராத்திரியே அழுகை. அங்கே பல வீடுகளில் ராத்திரிக்கு அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், அவ்வளவுதான். சுடுசோறு வரும் என்று காத்திருந்தவளுக்கு அது சாப்பாடு என்பதே புரியவில்லை. பாதி வயிற்றோடு படுத்து அம்மாவுக்கு போன் போட்டு அழுதிருக்கிறாள். அம்மா எனக்கு போன் போட்டு அழுதார். மறுநாள் ராத்திரி அந்தப் பெண் தானே அடுக்களைக்குப் போய், சூடாக ஏதாவது சமைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். நான் வகுப்பில் பலமுறை நடத்தியும் அவள் வாயில் வராத வாக்கிய அமைப்பு அது. பசியில் வந்துவிட்டது.

அப்புறம் குப்பை. காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்கு ஒன்று. இவள் வாழைப்பழத் தோலை மஞ்சளில் போட்டுவிட, தாத்தா அதை வெளியே எடுத்து வைத்து, எது எதில் போக வேண்டும் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். புரியாத இடத்தில் இவள் கையால் காட்ட, அவர் சொல்லைச் சொல்ல, இவள் திருப்பிச் சொல்ல, அப்படியே ஒரு பாடம். காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் பெரும்பாலும் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் சீட்டு வரும். அந்தச் சீட்டோடு இவளைத் தனியாக அனுப்பிவிட்டார்கள். கல்லாவில் இருந்த பெண்மணி வேகமாக ஏதோ கேட்க, பின்னால் வரிசை நிற்க, "நோஹ் மால், பிட்டே" என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பை வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நாலு வயதுப் பையன்தான் அவளுக்கு உண்மையான வாத்தியார். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் மூன்று பாலில் ஒன்று, மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். இவள் மாற்றிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்தியிருக்கிறான். பெரியவர்கள் மரியாதைக்குத் திருத்த மாட்டார்கள். குழந்தைக்கு அந்தக் கூச்சம் கிடையாது, அதனிடம் தப்பாகப் பேச நமக்கும் கூச்சம் கிடையாது.

திரும்பி வந்ததும் மாலை வகுப்பில் நர்ஸ் பெண்களோடு உட்கார வைத்தேன். இலக்கணம் ஓட்டை உடைசலாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கப் பயப்படவில்லை. ஒரு சொல் கிடைக்காவிட்டால் சுற்றி வளைத்து வேறு மாதிரி சொல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். எவ்வளவு முட்டி மோதியும் என்னால் வகுப்பறையில் கொடுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்குத் தங்க, சாப்பிடச் செலவே இல்லை. விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், கைச்செலவு, அவ்வளவுதான். சுற்றறிக்கையில் இருக்கும் தொகையில் பாதிகூட ஆகவில்லை. ஓட்டலையும் பேருந்தையும் எடுத்துவிட்டால் தறிக்காரர் பிள்ளையும் போக முடிகிறது. நம் அரசே போட்டிகளில் ஜெயித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுகிற காலம் இது. தனியார் பள்ளிகள் செலவைக் குறைக்க மெனக்கெட வேண்டாமா?

வீட்டில் தங்க வைப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1870, 1914, 1939 என்று மூன்று போர்களில் மோதிக்கொண்ட நாடுகள் ஜெர்மனியும் பிரான்ஸும். 1963 ஜனவரி 22-ல் ஜெர்மன் சான்சலர் அடினாவரும் பிரெஞ்சு அதிபர் டி கோலும் எலிசே என்கிற நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆண்டே இரு நாட்டு இளைஞர்களுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். இன்று வரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை அந்த வீட்டில், அந்தப் பிள்ளை இந்த வீட்டில் என்று பள்ளிகள் பிள்ளைகளை மாற்றிக்கொள்வது அங்கே சாதாரண வழக்கம். குண்டு போட்டுக்கொண்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் ஒருவர் வீட்டு மேசையில் இன்னொருவர் சாப்பிட்டார்கள்.

பெற்றோர் பயம் எனக்குப் புரிகிறது. "வயசுப் பொண்ண யார் வீட்லயோ எப்படி மிஸ் விடறது?" நியாயமான கேள்வி. அங்கே பிள்ளைகளோடு பழகும் பொறுப்பில் இருப்பவர்களிடம் அரசு தரும் நன்னடத்தைச் சான்று கேட்பது வழக்கம். தங்க வைக்கும் வீட்டாரிடம் அது வாங்கினீர்களா என்று பள்ளியைக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தோடு கிளம்புவதற்கு முன்பே வீடியோ அழைப்பில் சில தடவை பேசுங்கள். கூடப் போகும் ஆசிரியர் அதே ஊரில், கூப்பிட்டால் உடனே வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் ஒரு வீட்டில் இருவரை விடலாம், ஆனால் உயிர்த்தோழிகளைச் சேர்த்து விடாதீர்கள். இவ்வளவும் செய்தும் மனசு ஒப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் கழித்துப் போகட்டும்.

போன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ராத்திரி பத்து நிமிடம் போதும். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், நமக்கு ஒன்பதரை என்றால் அங்கே ஆறு. மணிக்கொரு போட்டோ கேட்டுக் குழுவில் நச்சரித்தால் பிள்ளையின் மனசு சேலத்தை விட்டு நகராது. விசாவுக்கு இரண்டு பெற்றோரின் சம்மதக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ், இதெல்லாம் பள்ளியே சொல்லிவிடும்.

மே மாதம் என்பது உண்மையில் அருமையான தேர்வு, பள்ளி அதைப் பயன்படுத்தத் தவறுகிறது. நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி நடக்கும். அங்கே கோடை விடுமுறை ஜூன் பிற்பகுதிக்கு மேல்தான் மாநிலம் மாநிலமாகத் தொடங்கும். தெற்கே பவேரியா பக்கம் மட்டும் பெந்தெகொஸ்தே விடுமுறை மே கடைசியில் குறுக்கிடலாம், தேதியைப் பார்த்துக்கொண்டால் போதும். நம் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்காரலாம். கணக்கு வகுப்பில் உட்கார்ந்தால் எண்கள் காதில் ஏறும். கோட்டையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கடைகள் எப்படியும் அன்று மூடித்தான் கிடக்கும்.

அங்கே ஒரு தொல்லை உண்டு. நம் பிள்ளை திக்கினால் எதிரில் இருப்பவர் உதவுகிற நினைப்பில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். ஜெர்மனிலேயே மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்க, கிளம்புவதற்கு முன்பே பழக்கிவிட வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு வருடப் படிப்பாவது கையில் இருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாமல் போகிற பிள்ளை ஊமையாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

திரும்பி வந்த பிறகு என்ன என்பதுதான் என் பெரிய கவலை. பல சிபிஎஸ்இ பள்ளிகளில் மூன்றாம் மொழி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. மே மாதம் ஜெர்மனி, ஜூன் மாதம் ஜெர்மன் பாடமே கிடையாது என்றால் அந்தப் பணம் எதற்கு? பாதியில் நிறுத்துவது நமக்குப் பழகிப்போயிற்று. கேந்திரிய வித்யாலயாக்களில் 2011-லிருந்து மூன்றாம் மொழியாக நடந்த ஜெர்மனை 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில் எடுத்தார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. போய் வருகிற பிள்ளைகளுக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலும், வாரம் இரண்டு நாள் பள்ளி முடிந்த பிறகாவது ஜெர்மன் வகுப்பு வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுதி வாங்குங்கள்.

அவர்கள் பிள்ளைகளும் இங்கே வர வேண்டும். அங்கே கோடை விடுமுறை விடும்போது நமக்கு ஆடி. கோட்டை மாரியம்மன் திருவிழாவில் ஊரே நிரம்பி வழியும், எதைக் காட்டுவது என்று யோசிக்கவே வேண்டாம். ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு, காப்பித் தோட்டம், சேர்வராயன் கோயில். மற்ற நாளெல்லாம் நம் வீட்டில் நம் சாப்பாடு, நம் பிள்ளையோடு நம் பள்ளி. தமிழில் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று அந்தப் பிள்ளையும் கேட்டுப் பழகட்டும்.

பள்ளி இதற்கு ஒத்துக்கொண்டால் என் வீட்டு மாடி அறையைத் தருகிறேன். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் இன்னும் சில வீடுகளை நானே பேசிப் பிடித்துத் தருவேன். அந்தச் சின்ன ஊர்ப் பள்ளி ஆசிரியையிடமும் நேற்று பேசினேன், சேலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை ஜெர்மனில் எழுதிக் கொடுப்பது என் வேலை, காசு வேண்டாம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பதிவை அப்படியே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுங்கள்.