பகலில் பாதி, இரவில் கால்

சிகாகோவிலிருந்து பாஸ்டனுக்குக் காரில் போகிற வழியில் நயாகராவில் ஒரு நாள் தங்கினோம், நானும் தம்பியும். அமெரிக்கப் பக்கத்தில் டெரப்பின் முனை என்று ஒரு பார்வையிடம். அங்கே ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், நயாகராவின் மூன்று அருவிகளில் பெரியதான குதிரைலாட அருவியின் விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அருவி என்றால் வெள்ளை என்றே நினைத்திருந்தேன். விளிம்பில் வளையும்போது அந்தத் தண்ணீர் கெட்டியான கண்ணாடிப் பச்சை. நுரைப்பதெல்லாம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான். கரைந்த தாதுக்களும் பாறைத்தூளும் தருகிற நிறமாம். 57 மீட்டர் விழுந்து அது என்ன ஆகிறது என்பதைச் சாரல் காட்டவே இல்லை. நீல மழையங்கி போட்டவர்களுடன் ஒரு படகு அந்தப் புகைக்குள் போனது, வெகுநேரம் கழித்துப் பின்வாங்கி வந்தது.

கைப்பேசியைத் துழாவிக்கொண்டிருந்த தம்பி கேட்டான்: "அக்கா, ராத்திரி பத்து மணிக்கு இதில் பாதியை நிறுத்திவிடுவார்கள், தெரியுமா?"

தெரியாது. அமெரிக்காவும் கனடாவும் 1950இல் போட்ட ஒப்பந்தம் அது. சுற்றுலாக் காலத்தில், பகலில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். ஆற்றின் இயல்பான வரத்தோ ஏறக்குறைய இரண்டு லட்சம். மிச்சம் மேலேயே மதகுகளால் திருப்பப்பட்டு, சுரங்கங்கள் வழியாக இருகரை மின்நிலையங்களுக்கும் போய்விடுகிறது. ஆக, நான் வாய்பிளந்து பார்த்ததே பாதி அருவி. "குழாய்த் தண்ணீரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான்.

எனக்கும் ஏமாந்த எரிச்சல்தான். எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டிக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் யோசிக்க யோசிக்க அந்த ஒப்பந்தத்தின் மேல் மதிப்புதான் கூடியது. மின்சாரத்துக்காக ஓர் ஆற்றை முழுதாக உறிஞ்சிவிடத் திராணியுள்ள இரண்டு நாடுகள், அழகுக்கு இவ்வளவு என்று கன அடிக் கணக்கில் ஒதுக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அழகாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரை விட்டுவைக்கச் சொல்லும் சட்டம் உலகில் எத்தனை இருக்கும்? தண்ணீர் குறைந்ததில் பாறைக்கும் லாபம். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் அரித்துப் பின்வாங்கிய அருவி, இப்போது ஓர் அடி அளவில்தான் நகர்கிறது.

1969இல் பக்கத்திலுள்ள அமெரிக்க அருவியை, பாறைகளை ஆராய்வதற்காக மாதக்கணக்கில் அடியோடு நிறுத்தியே வைத்தார்கள். வெறும் பாறையைப் பார்க்கவும் கூட்டம் வந்ததாம். நானும் போயிருப்பேன்.

என்னால் பொறுக்க முடியாதது இரவில் அருவியின் மேல் அடிக்கிற வண்ண விளக்குகள்தான். தண்ணீரைக் குறைத்ததற்கு மின்சாரம் என்று ஒரு காரணம் உண்டு. அந்தப் பச்சையின் மேல் ரோஜா நிறத்தையும் ஊதாவையும் அடிப்பதற்கு என்ன காரணம்?

இருந்தும் அன்றிரவு பத்து மணிக்குத் திரும்பவும் போய் நின்றோம். கண்ணை மூடி, சத்தம் குறைகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பத்தே காலுக்குத் தம்பி, "குறைந்துவிட்டது" என்றான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் பாஸ்டன் போய்ச் சேரும்வரை காரில் இதே சண்டைதான்.