மதுரை டு கோவை ஃப்ளைட், முக்கால் மணி நேரமாம்!

மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று இணையத்தில் தட்டிப் பாருங்கள். ஒரு தளம் 40 நிமிடம் என்கிறது, இன்னொன்று முக்கால் மணி நேரம் என்கிறது. வான்வழி தூரம் 175 கிலோமீட்டர் என்று படம் வேறு போட்டுக் காட்டுகிறது. எல்லாம் சரி, விமானம் எங்கேப்பா?

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாது. நேர்கோடு கிழித்து அளக்கிறார்கள், கிட்டத்தட்ட பழனிக்கு மேலேயே போகிற கோடு அது. அந்தத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 13 நிமிடம். ஏற இறங்க ஒரு அரை மணி நேரத்தைக் கூட்டினால் 43. அவ்வளவுதான் இவர்களுடைய ஆராய்ச்சி. அந்தப் பாதையில் ஏதாவது பறக்கிறதா என்று பார்ப்பதில்லை. கீழே 'டிக்கெட் பதிவு செய்க' என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும்.

அதை அழுத்தினால் வருவது சென்னை வழி டிக்கெட். மதுரை விமான நிலையம் இருக்கிற பெருங்குடிக்குப் போய், அங்கே காத்திருந்து, வடகிழக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்காகத் தேவுடு காத்து, மறுபடி மேற்கே இன்னொரு நானூறு கிலோமீட்டர் பறந்து பீளமேட்டில் இறங்க வேண்டும். 175 கிலோமீட்டருக்கு எண்ணூறு! பாதி நாள் போய்விடும், காசு தனி.

யாரோ எதையோ எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் மேலாளர் அதை நம்புகிறார். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு, "கோவை மீட்டிங்குக்கு ஏன் காலையிலேயே கிளம்புகிறீர்கள்? முக்கால் மணி நேர ஃப்ளைட்தானே?" என்று கேட்கிறார். அப்படி ஒரு ஃப்ளைட்டே இல்லை சார் என்றால், அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து எனக்கே அனுப்புகிறார். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறவனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட்டதாம்!

ரோட்டில் 210 கிலோமீட்டருக்குக் குறையாது. திண்டுக்கல் வரை நாலு வழிச்சாலையில் பஸ் பறக்கும். அதற்குப் பிறகுதான் சோதனை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள், தாராபுரத்தில் டீக்கு நிறுத்தம், பல்லடத்தில் நெரிசல். கோவை சிங்காநல்லூரில் இறங்கும்போது அஞ்சு மணி நேரம் ஓடியிருக்கும். இந்தக் கணக்கை எந்தத் தளமும் சொல்வதில்லை.

175 கிலோமீட்டருக்கு விமானம் விடுவது கட்டுப்படியாகாது என்பது புரிகிறது. மேலே ஏறுவதற்கே எரிபொருள் தீரும், பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் கட்டணம் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018இல் சேலத்துக்கு விமானம் வந்தபோதும் அது சென்னைக்குத்தான் பறந்தது. நம் ஊர்களில் எங்கே போவதென்றாலும் சென்னையைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் போல. விமானம் வேண்டாம் சாமி. மீட்டர் கேஜ் காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்தே மதுரை, பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு ரயில் ஓடியது. அகலப்பாதை போட்டு முடித்து வருடக்கணக்காகிறது. அந்தத் தடத்தில் இன்னும் நாலு ரயில் விட்டால் என்ன குறைந்துவிடும்?

அதுவரைக்கும் அந்த முக்கால் மணி நேரத்தை எழுதியவர்கள் ஒரு தடவை ஆரப்பாளையத்துக்கு வரட்டும். ஜன்னலோர சீட் நானே போட்டுத் தருகிறேன். மேலாளரையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.