உள்ளாடைக் கடையில் ஏன் அளவெடுக்க மறுக்கிறார்கள்?

ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொள்கிறார். போதாதென்று அளவு ரவிக்கையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அந்த ரவிக்கைக்குள்ளே, காலை முதல் இரவு வரை தோலோடு ஒட்டிக் கிடக்கும் பிராவுக்கு மட்டும் கடையில் ஒரே கேள்விதான்: "என்ன சைஸ்?"

முப்பத்தாறு என்றால் பெட்டி வந்துவிடும். கப் அளவை யாரும் கேட்பதில்லை. நாமாகச் சொன்னாலும், "எல்லாம் பி கப்தான் அக்கா, சரியாக இருக்கும்" என்கிறாள் கடையில் எடுத்துக் கொடுக்கும் பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஆனால் எப்படிச் சரியாக இருக்கும்? பிராவுக்கு அளவு இரண்டு. மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி எடுப்பது ஒன்று, மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப். ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. அமெரிக்காவில் 1930களிலேயே வந்துவிட்ட எழுத்துகள் இவை. இத்தனை காலம் கழித்தும் நம் கடைகளில் பல பெட்டிகளின்மேல் வெறும் எண்தான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கீழ்ச்சுற்று 32, மேல்சுற்று 37 உள்ள ஒரு பெண்ணுக்கு வித்தியாசம் ஐந்து; இந்தக் கணக்குப்படி வேண்டியது டி-க்கு அடுத்த கப், அதாவது 32 டபுள் டி. கடையில் அது இருக்காது. கப் பற்றவில்லை என்றதும் 34, 36 என்று ஏற்றிக்கொண்டே போய் 38 பி-யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எண் ஏற ஏற அதே எழுத்துள்ள கப்பும் பெரிதாகும் என்பதால் அந்தக் கப்பின் கொள்ளளவும் ஏறக்குறைய அதேதான், அதனால் கண்ணாடியில் பொருந்தியதுபோலவே தெரியும். ஆனால் கீழ்ப்பட்டை ஆறு அங்குலம் தொளதொளவென்று கிடக்கும். மார்பின் பாரத்தைத் தாங்கவேண்டியதே அந்தப் பட்டைதான். அது தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறுகிறது, பாரம் முழுவதும் தோளில் இறங்குகிறது. நாடாவை இழுத்துச் சுருக்கினால் முதுகுப் பக்கம் இன்னும் ஏறுகிறது. இரவில் கழற்றும்போது இரண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். கழுத்துவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது என்று உடம்பைத் திட்டுகிறோம். உடம்பு என்ன பாவம் செய்தது?

அட்டவணையைப் பார்த்து வாங்கலாமே என்பார்கள். பார்த்தாயிற்று! ஒரு நிறுவனம் கீழ்ச்சுற்றை அப்படியே அளவாக வைக்கிறது. இன்னொன்று அதனுடன் நான்கோ ஐந்தோ அங்குலம் கூட்டச் சொல்கிறது. ஒரே உடம்பு ஒரு பெட்டியில் 32, பக்கத்துப் பெட்டியில் 36.

அப்படியென்றால் போட்டுப் பார்க்காமல் வாங்கவே முடியாது. புதிய பிராவைப் பட்டை மிகத் தளர்வாக நிற்கும் கடைசிக் கொக்கியில் மாட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எலாஸ்டிக் நாளடைவில் இளகும், அப்போது உள்கொக்கிக்கு மாற்றி இறுக்கிக்கொள்ளலாம். கைகளை மேலே தூக்கினால் பட்டை நகரக் கூடாது. கம்பி வைத்ததாக இருந்தால் இரண்டு கப்புக்கும் நடுவே உள்ள துண்டு நெஞ்செலும்பில் படிந்து உட்கார வேண்டும், கம்பி சதையின்மேல் ஏறக் கூடாது. இதையெல்லாம் பெட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது? நான் போகும் கடையில் சுடிதாருக்கு உடைமாற்றும் அறை உண்டு, உள்ளாடைக்குக் கிடையாது. "உள்ளாடைகள் மாற்றித் தரப்படமாட்டாது" என்ற பலகை மட்டும் கல்லாவுக்கு மேலே பளிச்சென்று தொங்குகிறது. சுகாதாரம் காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மெல்லிய பனியனுக்கு மேலே போட்டுப் பார்க்கவாவது விடுங்கள், அளவு தெரிந்த பெண் ஒருத்தியை டேப்போடு நிறுத்துங்கள். போட்டுப் பார்க்கவும் விடமாட்டீர்கள், மாற்றித் தரவும் மாட்டீர்கள், ஆனால் பணம் மட்டும் முழுதாக வேண்டும். இது என்ன வியாபாரம்?

இன்னொரு கொடுமை, பஞ்சு வைத்த கப். சென்னை வெயிலில், வியர்வை ஊறி மார்புக்குக் கீழே வேர்க்குரு வெடிக்கும் மே மாதத்தில், பஞ்சில்லாத பருத்தி பிரா கேட்டால் சின்ன அளவில்தான் இருக்கிறது என்கிறார்கள். பெரிய மார்புள்ளவளுக்கு வியர்க்காதா?

உலகத்துக்கே பின்னலாடை தைத்து அனுப்பும் திருப்பூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. தைக்கும் கைகளில் பெரும்பகுதி பெண்களின் கைகள். பட்டுச் சேலைக்கு ஒரு தளம், குழந்தைகள் உடைக்கு ஒரு தளம் என்று அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் கடையில், தாழ்ப்பாள் உள்ள ஒரே ஓர் அறைக்கு இடமில்லை என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.