எட்டுக்கு நான்கு, ஆழம் ஆறு

(காட்பாடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. தை மாதம் ஆதலால் எருது விடும் விழா பேனர்கள் தரையெல்லாம் விரிந்து காய்கின்றன. இட்லிக் கடை கோவிந்தம்மாள் ஒரு காளையின் முகத்தை மிதிக்காமல் தாண்டி வந்து நிற்கிறார். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கடைக்கார இளைஞன் தினகரன் கேட்கிறான்.)

தினகரன்: எத்தனைக்கு எத்தனை அம்மா?

கோவிந்தம்மாள்: நீளம் எட்டு, அகலம் நான்கு. ஆழம் ஆறு.

தினகரன்: பேனருக்கு ஆழம் கேட்பதில்லை அம்மா. எட்டுக்கு நான்கு போதும்.

கோவிந்தம்மாள்: போதும் என்று நீ சொல்கிறாய் தம்பி. அதற்குத் தோன்ற வேண்டாமா? ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் வளர்கிறது.

தினகரன்: (முகம் மலர்ந்து) ஓ, பிள்ளைக்கா? பிறந்தநாளா?

கோவிந்தம்மாள்: இந்த வாரத்தோடு இரண்டு ஆண்டு நிறைகிறது.

தினகரன்: பேரப்பிள்ளையா?

கோவிந்தம்மாள்: எனக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவுக்கே பொது.

தினகரன்: கேட்கவே நன்றாக இருக்கிறது. நீல நிறப் பின்னணி, நான்கு பலூன், மூலையில் ஒரு கரடி பொம்மை. நடக்க ஆரம்பித்துவிட்டதா?

கோவிந்தம்மாள்: அது எங்கே நடக்கும்? இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. நடக்கிறவர்கள்தான் அதில் போய் விழுகிறார்கள்.

தினகரன்: பிள்ளை என்றால் எல்லோருக்கும் ஆசைதானே அம்மா.

கோவிந்தம்மாள்: ஆசையா? பால்காரர் கேனோடு விழுந்தார். அவரைத் தூக்கப் போனவர் அவர்மேல் விழுந்தார்.

தினகரன்: (தட்டச்சு செய்தபடியே) பெற்றோர் பெயர்?

கோவிந்தம்மாள்: அங்கேதான் சிக்கல். குடிநீர்க் குழாய்க்காரர்களைக் கேட்டால், எங்களுடையது இல்லை, பாதாளச் சாக்கடைக்காரர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். அவர்களைக் கேட்டால், நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது, கேபிள்காரர்களுடையது என்கிறார்கள். கேபிள்காரர்கள் எங்களுக்கு அந்தத் தெருவே தெரியாது என்று சத்தியம் செய்கிறார்கள்.

தினகரன்: (குரலைத் தாழ்த்தி) அம்மா, குடும்ப விவகாரம் எனக்கு எதற்கு? 'இப்படிக்கு உற்றார் உறவினர்' என்று பொதுவாகப் போட்டுவிடுகிறேன். படம் கொடுங்கள்.

(கைப்பேசியை நீட்டுகிறார். தினகரன் பெரிதாக்கிப் பார்க்கிறான், திருப்பிப் பார்க்கிறான்.)

தினகரன்: கைதவறி எடுத்திருக்கிறீர்கள் அம்மா. வெறும் தரைதான் தெரிகிறது.

கோவிந்தம்மாள்: தரை தெரிந்தால் நான் ஏன் பேனர் அடிக்க வருகிறேன்? அது பள்ளம்.

தினகரன்: பள்ளத்துக்கா பிறந்தநாள்?

கோவிந்தம்மாள்: பிறந்தநாள் என்று நான் சொல்லவே இல்லை. பலூன், கரடி எல்லாம் நீ கொண்டுவந்தது. கரடியை வைத்துக்கொள், தெருவில் நாய்கள் இருக்கின்றன, அது ஒன்றுதான் குறை. நான் கேட்பது இரண்டாம் ஆண்டு நிறைவு விழா. பெரிய எழுத்தில்.

தினகரன்: எதற்கு அம்மா இந்த வம்பு? ஒரு மனு எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

கோவிந்தம்மாள்: வார்டு அலுவலகத்தில் கொடுத்தேன். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே போய்த் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். கீழே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். கடைசியில் முதல் மனுவை வாங்கிய அதே எழுத்தரின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. பிறகு கைப்பேசிக்குத் தகவல் வந்தது. தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்துவைக்கப்பட்டதாம். மனுவை மூடிவிட்டார்கள் தம்பி. பள்ளத்தைத்தான் மூடவில்லை.

தினகரன்: பகுதி சபை நடக்கிறதே, அங்கே எழுந்து கேட்டிருக்கலாம்.

கோவிந்தம்மாள்: போனேனே. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்கும் வேண்டும் என்று 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தொடங்கிவைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை. வரவேற்புரை, முன்னிலை உரை, சால்வை, சால்வை போட்டவருக்குச் சால்வை. போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்றதால் அதே சால்வையை எடுத்து மறுபடி ஒருமுறை போர்த்தினார்கள். நான் எழுந்தபோது ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

தினகரன்: அதனால் நீங்களே விழா நடத்தப்போகிறீர்கள்.

கோவிந்தம்மாள்: வேறு வழி? மனு கொடுத்தால் வராதவர்கள் மாலை என்றால் வருகிறார்கள். நடப்பதும் நடக்காததும் அவர்களுக்குப் பொருட்டில்லை. தொடக்க விழா என்றால் செய்தித்தாளில் படம். முடிவு விழா என்று ஒன்றை நம் ஊரில் நீ பார்த்திருக்கிறாயா? கணபதி ஹோமம் செய்துவிட்டுக் கல்யாணத்தை மறந்துவிட்டவர்கள்போல எத்தனை வேலை கிடக்கிறது! சரி, சதுர அடிக்கு எவ்வளவு? கன அடிக் கணக்கு என்றால் எனக்குக் கட்டாது, முன்பே சொல்லிவிடு.

தினகரன்: ஆழத்தை விடுங்கள் அம்மா! (படத்தை மறுபடி பார்த்து) ஒரு நிமிடம். பின்னால் பச்சை கேட் தெரிகிறதே. பக்கத்தில் அரைத்த மாவு கிடைக்கும் என்று பலகை. இந்த இடத்துக்கு நான் ஏற்கெனவே பேனர் அடித்திருக்கிறேன்!

கோவிந்தம்மாள்: எதற்கு?

தினகரன்: பூமி பூஜைக்கு. (கணினியில் தேடுகிறான்.) இதோ. 'பூமி பூஜை இறுதி', 'பூமி பூஜை இறுதி இரண்டு', 'பூமி பூஜை உண்மையான இறுதி'. மூன்று தடவை மாற்றச் சொன்னார்கள்.

கோவிந்தம்மாள்: பள்ளத்தின் அளவையா?

தினகரன்: படத்தின் அளவை. ஒருவர் முகம் இன்னொருவர் முகத்தைவிட அரை அங்குலம் பெரிதாகிவிட்டதாம். இரவு பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்து குறைக்கச் சொன்னார்கள்.

கோவிந்தம்மாள்: அரை அங்குலத்துக்கு இரவில் வந்தவர்கள், ஆறு அடிக்குப் பகலில் வர மாட்டேன் என்கிறார்கள். எங்கே, பெரிதாக்கு. அடேயப்பா, எத்தனை பேர் கும்பிடுகிறார்கள்! பணி என்ன என்று எங்கே எழுதியிருக்கிறாய்?

தினகரன்: கீழே, ஓரத்தில். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து.

கோவிந்தம்மாள்: முடிக்கும் தேதி?

தினகரன்: அதற்கு இடம் இல்லை அம்மா. ஒரு வட்டச் செயலாளர் படம் விட்டுப்போயிற்று என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். தேதியை எடுத்துவிட்டு அவரை வைத்தேன்.

கோவிந்தம்மாள்: அப்படிச் சொல். இரண்டு ஆண்டாகத் தேதியைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அவர் மறைத்துக்கொண்டு நிற்கிறார். இந்த வடிவத்தையே எடுத்துக்கொள் தம்பி. ஒரு முகத்தையும் மாற்றாதே. பூமி பூஜை என்பதை அழித்துவிட்டு இரண்டாம் ஆண்டு நிறைவு விழா என்று போடு.

தினகரன்: என் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

கோவிந்தம்மாள்: எதற்கு? வரவேற்கத்தானே செய்கிறோம். எழுதிக்கொள். 1866இல் நகராட்சி ஆகி, 2008இல் மாநகராட்சியாக உயர்ந்து, 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற நம் வேலூருக்குப் பெருமை சேர்க்கும் வகையில்...

தினகரன்: இத்தனை ஆண்டு எதற்கு அம்மா?

கோவிந்தம்மாள்: எல்லாம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒன்று மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று படிக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா? இதையும் சேர். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் தனியாகப் போயின. அன்று மட்டும் இந்தப் பள்ளம் இருந்திருந்தால், ஆளுக்கு இரண்டு அடி என்று பிரித்துக் கொடுத்திருப்பேன்.

தினகரன்: அதைப் போட முடியாது.

கோவிந்தம்மாள்: சரி, விடு. நிகழ்ச்சி நிரல் போடு. முன்னிலை: முருங்கை மரம்.

தினகரன்: மரமா?

கோவிந்தம்மாள்: பள்ளம் தோண்டியவர்கள் போகும்போது எச்சரிக்கைக்கு ஒரு முருங்கைக் கிளையை நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். துணி கிழிந்து போய்விட்டது. கிளை வேர்விட்டு மரமாகிவிட்டது. போன வாரம்கூட அதில் பறித்த கீரையைத்தான் அடை மாவில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பணியில் முழுமையடைந்தது அது ஒன்றுதான்.

தினகரன்: சிறப்பு விருந்தினர்?

கோவிந்தம்மாள்: பாலாறு. 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆற்றில் தண்ணீரைப் பார்க்கக் காத்துக் கிடந்தோம். எங்கள் தெருவில் அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு தூறல் போதும், நிரம்பிவிடும்.

தினகரன்: (சிரிப்பை அடக்க முடியாமல்) தண்ணீர் நின்றால் பள்ளம் இருப்பதே தெரியாதே. பைக்கில் வருகிறவன் என்ன செய்வான்?

கோவிந்தம்மாள்: உள்ளே போவான். 2022இல் நம் ஊரில் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தையும் சேர்த்துச் சிமெண்ட் சாலை போட்டது நாடெங்கும் செய்தியானதே, மறந்துவிட்டாயா? அதே ஆண்டு ஒரு அடிபம்பையும் சேர்த்துக் கான்கிரீட் கொட்டிக் கால்வாய் கட்டினார்கள். இங்கே சாலை வந்தால் பைக்கோடு வரும், வராவிட்டால் பைக் உள்ளே போகும்.

தினகரன்: அதெல்லாம் சரி. எருது விடும் விழா வருகிறது. உங்கள் தெரு வழியாகத்தான் காளைகள் ஓடும்?

கோவிந்தம்மாள்: ஓடும் பாதையை இந்த முறை மாற்றிவிட்டார்கள். காளைக்கு ஆபத்து என்று விழாக் குழு வந்து பார்த்து, கயிறு வைத்து அளந்து, அன்றைக்கே முடிவு சொன்னது. மாட்டுக்கு ஒரே நாளில் மாற்று வழி கிடைத்தது தம்பி. எனக்கும் நான்கு கால் இருந்திருக்கலாம்.

(கொஞ்ச நேரம் அச்சு இயந்திரம் மட்டும் ஓடுகிறது. அதில் வருவதும் ஒரு காளைதான், கொம்பில் பலூன் கட்டிய காளை.)

தினகரன்: அம்மா, சட்டப்படி ஒன்று சொல்லிவிடுகிறேன். பேனர் வைக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதி எண், எந்தத் தேதிவரை இருக்கும், அச்சிட்டவர் யார், எல்லாம் கீழே போட வேண்டும். இல்லாவிட்டால் வந்து கழற்றிவிடுவார்கள்.

கோவிந்தம்மாள்: துணிக்கா?

தினகரன்: ஆமாம், பேனருக்கு.

கோவிந்தம்மாள்: காற்றில் ஆடும் துணிக்கு எண் வேண்டும், எடுக்கும் தேதி வேண்டும், செய்தவன் பெயர் வேண்டும். தெருவின் நடுவே மனிதன் விழும் பள்ளத்துக்கு எண் எங்கே? மூடும் தேதி எங்கே? தோண்டியவன் பெயர் எங்கே? அதையும் கீழே போட்டுவிட்டால் நான் எதற்கு உன்னிடம் வந்து நிற்கப்போகிறேன்?

தினகரன்: என்னிடம் கோபப்பட்டு என்ன பயன்?

கோவிந்தம்மாள்: உன்னிடம் இல்லை. நீ கைக்கு எட்டுகிறாய், அவ்வளவுதான். ஆனால் கழற்ற வருவார்கள் என்றாயே, உண்மையாகவே வருவார்களா?

தினகரன்: மறுநாள் காலையிலேயே வண்டி வரும்.

கோவிந்தம்மாள்: அப்படியானால் அனுமதி வாங்காதே. வரட்டும். எப்படியாவது ஒரு வண்டி எங்கள் தெருவுக்கு வந்தால் சரி. பேனரைப் பள்ளத்துக்கு நேர் மேலே கட்டுகிறேன், கழற்ற வருகிறவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கட்டும்.

தினகரன்: அம்மா!

கோவிந்தம்மாள்: பயப்படாதே. நீச்சல் தெரிந்தவராக அனுப்பச் சொல்கிறேன்.

தினகரன்: (பெருமூச்சுவிட்டு) முன்பணம் பாதி கொடுங்கள். கடனுக்கு அடிப்பதை நிறுத்திவிட்டேன். இந்தப் பூமி பூஜை பேனருக்கே எனக்கு இன்னும் பணம் வரவில்லை.

கோவிந்தம்மாள்: இரண்டு ஆண்டாகவா?

தினகரன்: ஒப்பந்ததாரரைக் கேட்டால், வேலை முடிந்து பில் பாஸ் ஆனதும் தருகிறேன் என்கிறார்.

கோவிந்தம்மாள்: வேலை முடிந்ததும்! அப்போது நீயும் உள்ளேதான் இருக்கிறாய். ஆறு அடியில் எத்தனையாவது அடி?

தினகரன்: (யோசிக்கிறான்) இவண் என்று போட்டு யார் பெயர் போடுவது?

கோவிந்தம்மாள்: பகுதி வாழ் பொதுமக்கள்.

தினகரன்: அதற்குப் பக்கத்தில் சிறிதாக என் கடைப் பெயரையும் போட்டுக்கொள்ளட்டுமா?

கோவிந்தம்மாள்: பெரிதாகவே போடு. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து மட்டும் வேண்டாம். அந்த ஒப்பந்ததாரரையும் விழாவுக்கு அழை. அவரைத்தான் முதலில் கௌரவிக்கப்போகிறோம்.

தினகரன்: வந்தாலும் பில்லைக் கையால் வாங்க மாட்டார் அம்மா. எப்போது நீட்டினாலும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

கோவிந்தம்மாள்: கையில் ஏன் கொடுக்கிறாய்? சால்வைக்குள் மடித்துவைத்துப் போர்த்திவிடு. போட்டோ எடுத்து முடிக்கும்வரை உதற முடியாது.

தினகரன்: (பில் புத்தகத்தை எடுத்து, பழைய பக்கத்தைத் தேடிக்கொண்டே) சால்வை யார் வாங்குவது?