பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தும் முன்

போன வாரம் ஓர் இரவு ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலியில், 20 மீட்டர் அலைப்பட்டையில் ஒரு தீவு நிலையத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். இரைச்சலுக்கு மேலே நூல் மாதிரி மெலிந்த குரல். அந்தத் தீவுக்காரர் தன் கால் சைனை (நிலைய அடையாளக் குறியை) சொல்லும்போதெல்லாம் யாரோ சரியாக அங்கேயே கேரியரை (பேச்சில்லாத வெறும் அலையை) போட்டு ஆன்டெனாவை டியூன் செய்கிறார். கொஞ்சம் தள்ளிப்போய்ச் செய்தால் என்ன? ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் ஒரு டம்மி லோடு வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

ஹாம் அல்லாத நண்பர்களுக்கு ஒரு விளக்கம். இப்படிப்பட்ட அரிய நிலையத்தை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் கூப்பிடுவார்கள். அதனால் அவர் ஓர் அலைவரிசையில் பேசுவார், 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் மேலே போய்க் கேட்பார். இதற்கு ஸ்பிளிட் என்று பெயர். இதை மறந்து, அவர் பேசும் இடத்திலேயே யாராவது கூப்பிட்டுவிடுவார். தவறுதான், ஆனால் இரண்டு நொடித் தவறு. அதைத் திருத்துகிறேன் என்று பத்துப் பேர் “அப்! அப்!” (மேலே போ) என்று கத்துவார்கள், கூடவே வசையும் வரும். அதற்குள் தீவுக்காரர் நாலு பேருக்குப் பதில் சொல்லி முடித்திருப்பார், நமக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. அவர் காது வேறு இடத்தில் இருப்பதால் இந்தச் சண்டை நடப்பதே அவருக்குத் தெரியாது.

வேண்டுமென்றே பாட்டுப் போட்டுக் கெடுப்பவர்களும் உண்டு. அவர்களைவிட இந்தத் தானாக நியமித்துக்கொண்ட காவலர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். தாங்கள் நல்லது செய்வதாகவே நம்புகிறார்கள். இரண்டு கூட்டத்திலும் யாருமே கால் சைன் சொல்வதில்லை. பெயர் சொல்ல முடியாத பேச்சை ஏன் பேச வேண்டும்?

2004 டிசம்பரில் ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானில் நிலையம் அமைத்தது. உலகமே முண்டியடித்துக் கூப்பிட்டது. 26ஆம் தேதி சுனாமி வந்ததும் அதே நிலையம்தான் போர்ட் பிளேரிலிருந்து தீவுவாசிகளின் செய்திகளை வெளியே கொண்டுவந்தது. அந்த நேரத்தில் அதே அலைவரிசையில் ஒருவர் கேரியரைப் போட்டிருந்தால்? நினைக்கவே பதறுகிறது. சாதாரண நாளில் கேட்டுவிட்டுப் பேசப் பழகாத கை, அன்றைக்கு மட்டும் எப்படிப் பொறுமையாக இருக்கும்?

அப்புறம் எங்கள் ஊர் ரிப்பீட்டர், அதாவது நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பொது நிலையம். சில மாதங்களுக்கு முன் புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒரு கல்லூரி மாணவர் அங்கே முதன்முதலாகப் பேசினார். பதற்றத்தில் கால் சைனையே மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு மூத்தவர் எல்லோரும் கேட்க, “பரீட்சையில் எப்படிப்பா பாஸ் பண்ணினே?” என்றார். பையன் அதன்பிறகு வரவே இல்லை. நானும் அப்போது கேட்டுக்கொண்டிருந்தேன். “தம்பி, பரவாயில்லை, மறுபடி சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

நேற்று அந்த மாணவரிடம் போனில் பேசினேன். ஞாயிறு காலை 7 மெகாஹெர்ட்ஸில் வருகிறேன் என்றிருக்கிறார். நடுங்கும் குரலில் யாராவது சிக்யூ (யார் வேண்டுமானாலும் பேச வாருங்கள் என்ற அழைப்பு) கூப்பிட்டால், நிதானமாகப் பதில் கொடுங்கள்.