காலி வண்டிக்குத்தான் காற்று பயம்

மழைக்காலத்தில் லாரி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லி நீங்கள் வெளியிட்டது நல்ல கட்டுரை. டயர், பிரேக், வைப்பர் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ராமநாதபுரம் கரையில் மழையைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரு பக்கமும் திறந்த கடல். வாடைக்காற்று பக்கவாட்டில் அடித்தால் பாரம் ஏற்றிய வண்டியைவிட, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி கன்டெய்னர்தான் அதிகம் ஆடும். உயரமான பெட்டி படகில் பாய் விரித்த மாதிரி காற்றை வாங்கும், கீழே எடை இருக்காது. பெரிய பஸ் ஒன்று காற்றை மறைத்துவிட்டு விலகும் நொடியில் வண்டி சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்துப் போங்கள். ஓவர்டேக் வேண்டவே வேண்டாம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மீனவர்கள் கரையில் நிற்கிறார்கள். லாரி ஓனர்களும் அதைப் பார்த்து, வண்டியைப் பாலத்துக்கு முன்பே மண்டபம் ஊரில் நிறுத்தச் சொல்லலாமே! ஐஸ் உருகி மீன் வீணாகிவிடும் என்று டிரைவரை விரட்டுவது கொடுமை.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கருவேலங்காடு ரோட்டை ஒட்டியே நிற்கும். மழை ராத்திரியில் மாடுகள் தார்ரோட்டில் வந்து படுக்கும். தூக்கக் கலக்கத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது. டிரைவருக்கு ஓய்வு வேண்டும்; தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்கிறது. அடுத்த கட்டுரையில் இதை ஓனர்களிடம் கேட்டு எழுதுங்கள்.