வாளி தூக்கும் கைக்கு என்ன சோதனை?

முப்பரிமாண அச்சில் குறைந்த செலவில் உருவாகும் செயற்கைக் கைகளைப் பற்றி நான் படித்த கட்டுரை, விலையையும் எடையையும் விரிவாகச் சொல்லிவிட்டு, வலிமைச் சோதனையை ஒரே வரியில் கடந்துவிடுவது வருத்தமளிக்கிறது. மார்த்தாண்டம் அருகே ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரத்தில் நான்கு விரல்களை இழந்த என் சித்தப்பா மகனுக்கு இத்தகைய கை ஒன்று கிடைத்தது. ரப்பர் பால் வாளியைத் தூக்கிய மூன்றாம் நாளே அதன் ஆள்காட்டி விரல், மூட்டுத் துளையை ஒட்டி முறிந்துவிட்டது. முறிந்த இடத்தைத் தடவியபோது பிசிறே இல்லை. ஓர் அச்சு அடுக்கு அப்படியே பெயர்ந்து வந்திருந்தது.

உருக்கிய இழையை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடும் முறையில் அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பே பெரும்பாலும் பலவீனமான இடம் என்பதால், விரலைப் படுக்கவைத்து அச்சிட்டோமா, நிறுத்திவைத்து அச்சிட்டோமா என்பதைப் பொறுத்து, ஒரே வடிவமும் ஒரே பிளாஸ்டிக்கும் கொண்ட விரல்கள்கூட வெவ்வேறு சுமையில் முறியும். ஆகவே, அச்சிட்ட மாதிரிப் பட்டையை முறியும் வரை இழுத்துப் பெற்ற வலிமை எண் மட்டும் போதாது. முழுக் கையையும் வாளிப் பிடியில் தொங்கவிட்டும், ஆயிரக்கணக்கான முறை மூடித் திறந்தும் பார்க்க வேண்டும். விரலை இழுத்து மடக்கும் தங்கூசியின் (நைலான் இழையின்) முடிச்சும் அச்சோதனையில் அடங்க வேண்டும்.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. இவ்வகை அச்சில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். குளச்சல் கடற்கரையில் வெயிலில் நிறுத்திய வேனுக்குள், முன்கண்ணாடியின் அடியில் கையைக் கழற்றி வைத்தால் அது கோணிப்போக வாய்ப்புண்டு. கையை வழங்குவோர், எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்பதைச் சோதித்தறிந்து, அதைக் கையின் மேலேயே தமிழில் பொறித்துத் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.